ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

ஜூன் 11, ஞாயிறு

கோயமுத்தூர் டாக்டர் தினமும் எழுதி வைக்கச் சொல்லியிருக்கிறார். காலையில் எழுந்ததும் விரல் எவ்வளவு நேரம் மடங்காமல் நிற்கிறது, எந்த மூட்டு வலிக்கிறது, என்ன சாப்பிட்டேன், எப்படித் தூங்கினேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர் இதைப் புரட்டிப் பார்ப்பது இரண்டு நிமிடம். அதற்கு நான் தினமும் உட்கார்ந்து எழுத வேண்டும். சரி, எழுதுகிறேன். மூட்டைப் பற்றி மட்டும் எழுத எனக்கு வராது. மற்றதும் சேர்ந்துதான் வரும்.

விரல்கள் பரவாயில்லை. இடது குதிகால் கொஞ்சம் பிடிக்கிறது. காலையில் கம்பங்கூழ். மாடியில் என் யோகா வகுப்புக்கு நல்ல கூட்டம். எங்கள் தெருச் சங்கத் தலைவர் நாச்சிமுத்து அண்ணன் புதிதாக வந்தவர்களிடம் என்னைக் காட்டி, "வாணியம்மா ஒரு காலத்துல டம்ளர் புடிக்க முடியாம இருந்தவங்க, இப்பப் பாருங்க" என்றார். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

சாயங்காலம் மாத்திரை போட்டேன். வாரத்தில் இந்த ஒரு நாள்தான். கால்சியம் டப்பாவுக்குள் வைத்திருக்கிறேன். யோகா டீச்சர் வீட்டு அலமாரியில் அட்டை அட்டையாக மாத்திரை கிடந்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள்?

ஜூன் 12, திங்கள்

மாத்திரை போட்ட மறுநாள் வழக்கமாக வரும் குமட்டல். வகுப்பு முடிந்து சுண்டல் கொடுத்தார்கள், வேண்டாம் என்றேன். ஏன் என்றார்கள். திங்கட்கிழமை விரதம் என்று வாயில் வந்துவிட்டது. அடுத்த வாரத்திலிருந்து நான்கு பேர் என்னோடு விரதம் இருக்கப் போகிறார்களாம்.

ஜூன் 21, புதன்

யோகா தினம். சங்கக் கட்டடத்தில் மேடை, மாலை, மைக். பிளக்ஸில் என் பெயரைக் கோகிலவாணி சென்னியப்பன் என்று முழுசாகப் போட்டிருந்தார்கள். படம்தான் ஐந்து வருடம் பழசு.

பேசினேன். நாற்பது வயதில் வலது கை மோதிர விரல் திடீரென்று முழுசாக வீங்கி மடங்காமல் நின்றதைச் சொன்னேன். அதற்கு முன்பே முழங்கையிலும் தலையிலும் செதில் செதிலாக உதிரும். கடையில் நான் நீட்டும் ரூபாயை வாங்காமல், "அங்க வச்சுருங்க" என்பார்கள். தோலில் வரும் சொரியாசிஸ் மூட்டுக்கும் இறங்கும் என்று டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். ஒட்டாத நோய் அது என்று ஊருக்குச் சொல்ல ஆள் யாரும் இல்லை.

அப்புறம் நான் மாற்றியதையெல்லாம் சொன்னேன். சர்க்கரையை விட்டது, மைதாவை விட்டது, பதினோரு கிலோ குறைத்தது, காலை நடை, இளவெயிலில் தேங்காய் எண்ணெய் தேய்த்து உட்கார்வது, ஒன்பது மணிக்குள் படுப்பது, மூச்சுப் பயிற்சி. ஒன்றும் பொய்யில்லை. எல்லாம் நான் செய்தது, இன்றும் செய்வது. நிறையக் கைத்தட்டல்.

வண்டியில் வரும்போது என் வீட்டுக்காரர் கேட்டார். "எல்லாஞ் சொன்ன. மாத்திரைய மட்டும் உட்டுப்போட்டயே?"

"நேரமில்லீங்க."

"முக்கா மணி நேரம் பேசுன."

மோட்டாருக்குக் காயில் கம்பி சுற்றிக் கட்டுகிற மனிதருக்கு எதையும் முனை விடாமல் கட்ட வேண்டும்.

ஜூன் 23, வெள்ளி

என் பேச்சை நாச்சிமுத்து அண்ணன் போனில் எடுத்து எல்லாக் குழுக்களிலும் போட்டுவிட்டார். அவரே ஒரு தலைப்பும் வைத்திருக்கிறார்: "மாத்திரையே இல்லாமல் மூட்டுவாதத்தை வென்ற ஈரோட்டுப் பெண்மணி."

வீடியோவை இரண்டு தடவை பார்த்தேன். மாத்திரை சாப்பிடவில்லை என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. தலைப்பு அவர் வைத்தது. அவரைக் கூப்பிட்டு மாற்றச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் திருச்செங்கோட்டிலிருந்து ஒருவர் போன் செய்து வாழ்த்தினார், சேலத்திலிருந்து ஒருவர். புளிக்குப் பதிலாக எலுமிச்சை போட்டு ரசம் வைத்தேன். நன்றாக இருந்தது.

ஜூலை 3, திங்கள்

வகுப்பில் பாய் விரிக்க இடம் போதவில்லை. தண்ணீர்த் தொட்டி ஓரம் வரைக்கும் ஆட்கள்.

புதிதாக வந்தவர்களில் தேன்மொழி என்று ஒருத்தி. முப்பத்தாறு வயது, மாணிக்கம்பாளையத்திலிருந்து வருகிறாள். வீட்டுக்காரர் லாரி எடுத்து வடக்கே போனால் மாதம் ஒருமுறை திரும்புவார். இவள் கல்யாண ரவிக்கைக்கு ஆரி வேலை செய்கிறாள். காதுக்குப் பின்னால் செதில். வலது கை ஆள்காட்டி விரல் கணுவில் லேசான வீக்கம். பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"அக்கா, உங்க வீடியோவ பத்து வாட்டி பாத்துட்டனுங்க" என்றாள். "எனக்கும் அதே சீக்குதானுங்க. டாக்டரும் நீங்க பேச்சுல சொன்ன அவருதான். வாராவாரம் மாத்திர. அதப் போட்டா மறுநாள் பூரா கொமட்டி எடுக்குது, ஊசி புடிக்க முடியறதில்லீங்க."

எனக்கும் அப்படித்தான் என்று நாக்கு நுனி வரை வந்தது. பக்கத்தில் என்னோடு விரதம் இருக்கும் நான்கு பேரும் நின்றார்கள். "மூச்சக் கவனி, எல்லாஞ் சரியாகும்" என்றேன்.

ஜூலை 9, ஞாயிறு

வெயில் இல்லை. நடந்தேன். மாத்திரை.

ஜூலை 14, வெள்ளி

வகுப்பு முடிந்து எல்லோரும் இறங்கிய பிறகு தேன்மொழி பாயைச் சுருட்டியபடி நின்றாள்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே. நீங்க ஒரு மாத்திரயுமே சாப்படறதில்லீங்ளா?"

நேராகக் கேட்டுவிட்டாள். நேராகப் பதில் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது இது: "நம்ம ஒடம்பு என்ன சொல்லுதோ அதக் கேட்டு நடந்தாப் போதும் தேனு." யாரோ ஒரு சாமியார் சொல்வது போல இருந்தது. அவள் தலையை ஆட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அவளுக்குப் புரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். என்ன புரிந்திருக்கும் என்று தெரியவில்லை.

மத்தியானம் மிளகாய் காயப் போட்டேன். கை நன்றாக மடங்குகிறது.

ஆகஸ்ட் 3, வியாழன்

ஆடிப் பதினெட்டு. காவிரியில் நல்ல கூட்டமாம், நான் போகவில்லை.

தேன்மொழி தேங்காய்ப் பாலும் எள்ளுருண்டையும் கொண்டு வந்தாள். சர்க்கரை போடாமல் தனியாக எனக்கென்று செய்தது. முகத்தில் தெளிச்சி. நடை, சாப்பாடு எல்லாவற்றையும் நான் சொன்னபடி எழுத்துப் பிசகாமல் செய்கிறாள். நான்கு கிலோ குறைந்திருக்கிறாள்.

"மாத்திரைய நிறுத்தி மூணு வாரமாச்சுங்க அக்கா" என்றாள். "கொமட்டலும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆவணி முகூர்த்தத்துக்கு ஒம்போது ரவிக்கை ஒத்துக்கிட்டனுங்க. எல்லாம் உங்களாலதான்."

இவளிடம் இப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் அவள் நன்றாகத்தானே இருக்கிறாள். சிலருக்கு உணவிலேயே சரியாகலாம். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி. நான் நிறுத்தச் சொல்லவில்லை, அவளாக எடுத்த முடிவு.

எள்ளுருண்டையை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 6, ஞாயிறு

மாத்திரை. புரையேறிற்று, அவர் வந்து தலையில் தட்டினார்.

ஆகஸ்ட் 18, வெள்ளி

வணக்கம் சொல்லக் கை கூப்பும்போது தேன்மொழியின் உள்ளங்கைகள் ஒன்றோடொன்று சேரவில்லை. வலது ஆள்காட்டி விரல் அடி முதல் நுனி வரை வீங்கியிருக்கிறது. எனக்கு அன்று மோதிர விரல் எப்படி இருந்ததோ அப்படியே. எண்ணெய் தேய்த்து மறைத்திருந்தாலும் நெற்றியோரம் செதில் தெரிந்தது.

கூப்பிட்டுப் பேசினேன். என்ன பேசினேன் என்றால், விளக்கெண்ணெய் பற்றுப் போடு, பாலை நிறுத்திப் பார், உடம்புக்கு ஆகாதது எதுவும் வாயில் பட்டதா யோசித்துப் பார் என்றேன். "கரப்பான் பண்டம் எதாச்சுந் தின்னயா? கத்திரிக்கா, கருவாடு?"

அவள் முகம் மாறியது. "இல்லீங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் படியைப் பிடித்துப் பிடித்து இறங்கினாள்.

சாயங்காலம் இதை அவரிடம் சொன்னேன். துடைத்துக்கொண்டிருந்த கையைத் துடைத்தபடியே, "அவகிட்ட மறச்சத எங்கிட்ட எதுக்குச் சொல்ற?" என்று மட்டும் கேட்டார். எரிச்சலாக வந்தது. எழுந்து வந்து இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 28, திங்கள்

தேன்மொழி வரவில்லை. குமட்டல். வகுப்பில் விரதக்காரர்கள் இப்போது ஏழு பேர்.

செப்டம்பர் 5, செவ்வாய்

தேன்மொழி வகுப்புக்கு வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. போன் எடுத்தால், "கொஞ்சம் வேல ஜாஸ்திங்க அக்கா" என்கிறாள். முகூர்த்த மாதம், இருக்கும்.

எனக்கு ரத்தப் பரிசோதனை நாள். பெருந்துறையில் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். இங்கே நம் தெருவிலேயே லேப் இருக்கிறது. அங்கே வேலை செய்கிற பெண் என் வகுப்புக்கு வருகிறாள். அவள் கையில் என் சீட்டைக் கொடுத்தால் எதற்கு எடுக்கிறேன் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். வெயிலில் பஸ்ஸுக்கு நிற்கும்போது என்னை நினைத்து எனக்கே வெட்கமாக இருந்தது.

செப்டம்பர் 10, ஞாயிறு

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

காலை வகுப்பு முடிந்ததும் மாணிக்கம்பாளையம் போனேன். தேன்மொழி கதவைத் திறக்கவே நேரமாயிற்று. முழங்கையால் தாழ்ப்பாளைத் தள்ளித்தான் திறந்தாள். இரண்டு கையும் வீங்கிக் கிடந்தன. முன் அறையில் ஆரிச் சட்டத்தில் மயில்கழுத்து நிறப் பட்டு இழுத்துக் கட்டியிருந்தது. தோள்பட்டையில் பாதி மாங்காய் வேலை முடிந்து, ஊசி அப்படியே குத்தி நின்றது.

உட்காரச் சொல்லிவிட்டு அவள் நின்றுகொண்டே இருந்தாள். குதிகாலைத் தரையில் வைக்க முடியாததால் சுவரில் சாய்ந்திருந்தாள். அப்புறம் நான் வாய் திறப்பதற்கு முன்னாலேயே அவள் சொன்னாள்.

"அக்கா, உங்ககிட்டப் பொய் சொல்லிட்டனுங்க. எங்கக்கா மகளுக்கு சீர் வச்சாங்க. பந்தியில கத்திரிக்கா கொழம்பு ஊத்திட்டாங்க. எலயில உட்டுட்டு எந்திரிச்சா ஒருமாதிரி நெனப்பாங்கன்னு ரெண்டு துண்டு தின்னுட்டனுங்க. நாலாம் நாளே வெரல் வீங்கிருச்சு. நீங்க கேட்டப்ப சொல்ல வாய் வரல. நீங்க இத்தன சொல்லிக் குடுத்தும் ரெண்டு துண்டு கத்திரிக்காய்க்கு நாக்க அடக்க முடியாமப் போச்சு. மாரியாத்தா கோயல்ல உப்பும் மொளகும் போட்டுத் தப்புன்னு வேண்டிக்கிட்டு வந்தனுங்க. அப்பவும் அடங்குல."

அழுதாள். கண்ணைத் துடைக்கக்கூட விரல் மடங்காமல் புறங்கையால் துடைத்தாள்.

அவள் நிறுத்திவிட்டாள், அதனால் வீங்கிற்று என்று மட்டும்தான் இத்தனை நாள் நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். அவள் உட்கார்ந்து தன்னையே குற்றவாளியாக்கிக்கொண்டிருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"கத்திரிக்கா இல்ல தேனு" என்றேன். "நான் மாத்திர சாப்படறேன். ஏழு வருசமா. ஒரு ஞாயித்துக்கெழமகூட உட்டதில்ல. நீ போட்டுட்டிருந்த அதே மாத்திரதான்."

அவள் கண்ணைத் துடைத்த கையைக் கீழே இறக்கினாள்.

"அப்ப கத்திரிக்கா இல்லீங்ளா?"

"இல்ல."

"நான் கெடுத்துக்கலீங்ளா?"

"நீ ஒண்ணும் கெடுக்குல. நாந்தான்."

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் மெதுவாகப் போய்ச் சட்டத்தின் மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டு மூடினாள். "டாக்டரு என்னைக்குங்க பாப்பாரு?" என்று கேட்டாள். அக்கா என்று சொல்லவில்லை.

அட்டையில் மீதம் இருந்தால் இப்போதே போட்டுக்கொள்ளட்டுமா என்றாள். வேண்டாம், ரத்தம் பார்த்துவிட்டு அவர் சொன்ன பிறகுதான் என்று தடுத்தேன். இதையாவது சரியாகச் சொன்னேன்.

செப்டம்பர் 14, வியாழன்

கோயமுத்தூர். ரயிலில் தேன்மொழியும் நானும். திருப்பூரில் அவள் தண்ணீர் பாட்டில் மூடியைத் திருகப் பார்த்தாள், முடியவில்லை. நான் வாங்கித் திறந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள்.

டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, "யாரும்மா நிறுத்தச் சொன்னது?" என்றார்.

"நானாத்தானுங்க சார்" என்றாள் தேன்மொழி.

"நான்தாங்க டாக்டர்" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். நாங்கள் ஒன்றாக வந்தவர்கள் என்பதே அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது. எல்லாவற்றையும் சொன்னேன், வீடியோவையும் சேர்த்து. அவர் சத்தம் போடவில்லை.

"நீங்க நடக்கறீங்க, எடை கொறச்சிருக்கீங்க, நல்லாத் தூங்கறீங்க. அதனாலதான் உங்க மாத்திரையோட அளவக் கொறைக்க முடிஞ்சுது. அதெல்லாம் வேணும். ஆனா மாத்திரைக்குக் கூட இருக்கறதுதான் அது. அதுக்குப் பதிலா இல்ல. இத ஒரு வரி சேத்துச் சொல்லியிருந்தா என்னங்க கொறஞ்சு போயிருக்கும்?"

தேன்மொழிக்குக் குமட்டல் பற்றியும் கேட்டார். அதை முதலிலேயே தன்னிடம் சொல்லியிருந்தால் வழி இருந்தது என்றார். அவள் பயந்துபோய்ச் சொல்லாமலே இருந்திருக்கிறாள். எக்ஸ்ரே எடுத்தார்கள். மற்ற விரல்களின் வீக்கம் சில மாதத்தில் இறங்கிவிடுமாம். வலது ஆள்காட்டி விரலின் நுனிக் கணு அரித்துவிட்டது, அது இனி முழுசாக மடங்காது. ஆரி ஊசி பிடிக்கிற விரல்.

வெளியே வந்து மருந்துக் கடையில் நிற்கும்போது அவள் விரலை மடக்கி மடக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "நடுவெரல்ல புடிச்சுப் பழகோணும்" என்றாள். என்னிடம் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா தெரியவில்லை.

செப்டம்பர் 17, ஞாயிறு

வகுப்பில் சொல்லிவிட்டேன். ஆசனம் ஆரம்பிக்கும் முன்பே, நின்றுகொண்டு. கையில் அட்டையை எடுத்துக் காட்டினேன்.

நாச்சிமுத்து அண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. "இத இப்ப எதுக்கும்மா வெளிய சொல்லோணும்? வீடியோ நாலு ஊருக்குப் போயிருச்சு."

"அதனாலதாங்ணா."

விரதக்கார அம்மா ஒருவர் கை தூக்கினார். "அப்ப அந்தத் திங்கக்கெழம வெரதம்?"

"கொமட்டலுங்க."

இரண்டு பேர் சிரித்தார்கள். மற்றவர்கள் சிரிக்கவில்லை. மூன்று நான்கு பேர் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கிப் போனார்கள். மீதிப் பேருக்கு வகுப்பு எடுத்தேன்.

மத்தியானம் குழுவுக்கு எழுத உட்கார்ந்தேன். முதலில் எழுதியதில் என்னைப் பற்றி நல்லதாகவே நிறைய வந்தது, அழித்தேன். இரண்டாவதில் நாச்சிமுத்து அண்ணன் தலைப்பின் மேல் பழி போயிற்று, அதையும் அழித்தேன். கடைசியில் அனுப்பியது:

"யோகா தின வீடியோவில் இருப்பது நான்தான். நான் சொன்ன பழக்கங்கள் எல்லாம் உண்மை. ஆனால் ஏழு வருடமாக வாரம் ஒருமுறை டாக்டர் கொடுத்த மாத்திரையும் சாப்பிடுகிறேன். அதைச் சொல்லாமல் மறைத்தேன். யாராவது என்னை நம்பி மாத்திரையை நிறுத்தியிருந்தால் உடனே உங்கள் டாக்டரைப் பாருங்கள். வீடியோ எங்கெல்லாம் போயிற்றோ அங்கெல்லாம் இதையும் அனுப்புங்கள்."

அவர் படித்துப் பார்த்துவிட்டுக் காபி போட்டுக் கொண்டு வந்தார். சர்க்கரை இல்லாமல்.

சாயங்காலம் மாத்திரை.

செப்டம்பர் 18, திங்கள்

பிள்ளையார் சதுர்த்தி. கொழுக்கட்டைக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது தெரியாத எண்ணிலிருந்து செய்தி வந்தது.

"அம்மா, வணக்கம். ஒட்டன்சத்திரத்திலிருந்து எழுதுகிறேன். என் மனைவி உங்கள் வீடியோவைப் பார்த்து ஆடி மாதமே மாத்திரையை விட்டுவிட்டார். இப்போது எழுந்து நடக்க முடியவில்லை. நீங்கள் நேற்று எழுதியதைக் காட்டினேன். நம்ப மாட்டேன் என்கிறார். தயவுசெய்து நீங்கள் ஒருமுறை பேசுங்கள்."

கையைக் கழுவிவிட்டுக் கூப்பிட்டேன். அவர் மனைவியிடம் கொடுத்தார். நான் யார் என்று சொன்னேன், மாத்திரை சாப்பிடுவதைச் சொன்னேன், இன்றைக்கே டாக்டரிடம் போகச் சொன்னேன். அந்த அம்மா முழுவதும் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க யாருன்னு எனக்குத் தெரியாதுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை, வலிதான் இருந்தது. "யாரோ மருந்துக் கம்பெனிக்காரங்க அந்தம்மா பேர்ல இப்பிடிப் பேசச் சொல்றாங்க. அந்தம்மா மொகத்தப் பாத்திருக்கேன் நானு. அவங்க பொய் சொல்ற ஆளு இல்லீங்க." வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன். எடுக்கவில்லை. கணவரிடம் வீட்டு விலாசம் கேட்டேன், அனுப்பினார்.

நாளைக்கு வகுப்பு இல்லை என்று குழுவில் போட்டுவிட்டேன். தாராபுரம் வழியாக விடியற்காலையிலேயே பஸ் இருக்கிறது. அவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். என் முகத்தைப் பார்த்து நம்பியவர், நேரில் என் முகத்தைப் பார்த்துத்தான் இதையும் நம்ப வேண்டும். டாக்டர் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கிப் பையில் வைத்திருக்கிறேன்.